மும்பையில் பருவமழைக் காலம்

மும்பையில் பருவமழைக் காலம் என்பது தென்மேற்குப் பருவக்காற்றால் அந்நகரம் மழை பெறும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலமாகும். ஜூலையில் மழை மிகுதி. இக்காலத்தில் அங்கு செல்வோர் வானிலை அறிவிப்புடன் கடலின் ஏற்ற நேரத்தையும் அறிந்திருத்தல் நலம்.

ஏழு தீவுகளுக்கு இடைப்பட்ட கடலைத் தூர்த்து உருவான நகரம் இது. பல பகுதிகள் தாழ்வானவை. மழைநீர் வடிகால்கள் கடலிலும் கழிமுகங்களிலும் முடிகின்றன. ஏற்றத்தின்போது கடல்மட்டம் வடிகால் வாய்களுக்கு மேல் எழுவதால் நீர் வெளியேற இயலாது. ஆகவே வற்றத்தின்போது விரைந்து வடிந்துவிடும் மழை, ஏற்றத்தின்போது தெருக்களில் தேங்குகிறது. மாநகராட்சி இத்தகைய நாட்களை முன்கூட்டியே அறிவிக்கிறது.

மழை நகரெங்கும் ஒரே அளவில் பெய்வதில்லை. 2005 ஜூலை 26 அன்று தொடங்கிய பெருமழையில் சாந்தாக்குரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பதிவாயிற்று, தென்முனையான கொலாபாவில் 100 மி.மீ. கூட இல்லை. மித்தி ஆறு கரைபுரண்டது, புறநகர்த் தொடருந்துகள் நின்றன, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். தெற்கே தூறலைக் கண்டு வடக்கே புறப்படுவது அறிவுடைமையன்று.

குடை கடற்காற்றில் மடங்கிவிடும், மழையங்கியே ஏற்றது. தேங்கிய நீரில் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். எலிக்காய்ச்சல் பரவுவது ஒருபுறமிருக்க, நீர் வடிவதற்காகச் சிலர் பாதாளச் சாக்கடை மூடிகளைத் திறந்துவிடுவதுண்டு. 2017 ஆகஸ்டு 29 அன்று மருத்துவர் ஒருவர் அவ்வாறு திறந்திருந்த குழியில் விழுந்து இறந்தார்.