உங்களுக்குத் தெரியுமா? தோட்டாவும் பட்டாசும் அடுத்தடுத்த பெஞ்சு!

விருத்தாசலத்தில் களிமண்ணை அச்சில் வார்த்துச் சுட்டால் பீங்கான் பொம்மை தயார். ஆனால் சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்புவது அவ்வளவு சுலபமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அமெரிக்காவிலோ இது வீட்டு மேசையில் நடக்கும் பொழுதுபோக்கு! பழங்காலத் துப்பாக்கிப் பிரியர்கள் 50 பவுண்டு, அதாவது சுமார் 22.7 கிலோ கரிமருந்துவரை வாங்க அந்நாட்டு மத்தியச் சட்டம் விலக்கு தருகிறது.

இங்கே ஆயுதச் சட்டத்தோடு வெடிபொருள் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. 2008-ஆம் ஆண்டு விதிகளில் தோட்டா 6-ஆம் வகுப்பு, சிவகாசிப் பட்டாசு 7-ஆம் வகுப்பு.

குன்னூர் அருகே அருவங்காட்டில் நூறாண்டுக்கு மேலாகத் தோட்டா மருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலை, 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.