முந்தி கடலுக்குப் போவார்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்குடியில் வயதானவர் யாரிடமாவது பழைய காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "முந்தியெல்லாம் சுபஹுத் தொழுதிட்டு வாப்பா கடலுக்குப் போவார். கரைவலை இழுக்கக் கரையெல்லாம் சனம் நிற்கும். மறுகா மீனப் பங்கு வைப்பாங்க" என்று தொடங்குவார். போவார், நிற்கும், வைப்பாங்க: மூன்றும் பாடசாலை இலக்கணத்தின்படி எதிர்கால வினைகள். அந்த வாப்பா, அதாவது அவருடைய தகப்பனார், மௌத்தாகி முப்பது வருடம் ஆகியிருக்கலாம். அப்படியும் அவர் கடலுக்குப் 'போவார்'. கேட்கிற பேரப்பிள்ளைக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை.

குழப்பம் ஆங்கிலப் பாடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதே பேரப்பிள்ளை கட்டுரை எழுதும்போது 'மை கிரேட் கிராண்ட்ஃபாதர் வில் கோ டு த சீ' என்று எழுதிவைக்கும். டீச்சர் சிவப்பு மையால் வெட்டி, 'யூஸ்ட் டு கோ' என்றோ 'வுட் கோ' என்றோ திருத்துவார். திருத்தம் சரிதான். ஆனால் பிள்ளை அவ்வளவு தூரம் தவறிப்போகவில்லை. 'வுட்' என்பது வேறு ஒன்றுமில்லை, 'வில்' என்பதன் இறந்தகால வடிவம். ஆங்கிலமும் கழிந்துபோன வழக்கத்தைச் சொல்ல, எதிர்காலத்துக்குப் பயன்படும் அதே சொல்லைத்தான் தேடிப் போயிருக்கிறது. போகும்போது அதற்கு இறந்தகாலச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டது. நாம் சட்டை மாட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது இரண்டு மொழிகளுக்குள் தற்செயலாக நேர்ந்த ஒற்றுமை என்றால் விட்டுவிடலாம். ஆனால் வெல்ஷ் மொழியில் 'அப்படியானால் இருப்பார்' என்ற கற்பனைக்கும் 'வழக்கமாக இருப்பார்' என்ற பழைய நினைவுக்கும் ஒரே வினைவடிவம். எபிரேயத்திலும் அப்படித்தான். செர்பிய மொழி, நடக்காததைக் கற்பனை செய்து சொல்லும் வடிவத்தையே தாத்தாவின் தினசரி வழக்கத்தைச் சொல்லவும் எடுத்துக்கொள்கிறது. ஒன்றையொன்று பார்த்து எழுதியிராத மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

"நேற்று வாப்பா கடலுக்குப் போனார்" என்றால், அந்தப் போதலை ஒரு நாளோடு சேர்த்துக் கட்டிவிடலாம். எந்த நேரம், எந்தத் தோணி, யார் கூடப் போனது என்றெல்லாம் கேட்கலாம். "முந்தி போவார்" என்பதில் எந்த நாள்? குறிப்பிட்டு எந்த நாளும் இல்லை. அந்தக் காலத்திலிருந்து ஏதாவதொரு நாளை எடுத்துக்கொண்டால், அன்று அவர் போயிருப்பார் என்ற நம்பிக்கையைத்தான் அந்தச் சொல் தருகிறது. நாளைக்கு நடக்கப்போவதும் இதே இனம். அதையும் இன்னும் எந்தச் சம்பவத்தோடும் கட்ட முடியாது. மொழியியலாளர் டால்மி கிவோன் 1994இல் எழுதியபோது, வழக்கம் என்பதை நடந்ததற்கும் நடக்காததற்கும் நடுவே நிற்கும் கலப்பினம் என்று விளக்கினார். தொல்காப்பியர் இதன் பக்கத்து வீட்டு விஷயத்தை எப்போதோ கவனித்திருக்கிறார்: மூன்று காலத்துக்கும் பொதுவாக, இயல்பாக நடப்பவற்றைச் 'செய்யும்' என்ற வாய்பாட்டுச் சொல்லால் சொல்ல வேண்டும் என்பது அவர் விதி. கடல் இரையும், சூரியன் உதிக்கும் என்று நாம் சொல்வது அந்த வழியில்தான். அந்த 'உம்' விகுதியே இன்று அஃறிணையில் எதிர்காலத்தையும் காட்டுகிறது.

 

எதிர்மறையில், வழக்கத்துக்கும் எதிர்காலத்துக்கும் உள்ள இந்த உறவு இன்னும் வேடிக்கையானது. "அந்தக் காலத்தில பொம்பிளைகள் தனியப் போகமாட்டாங்க" என்றால் அது பழைய வழக்கம். "கூப்பிட்டும் வரமாட்டான்" என்றால் பிடிவாதம். "நாளைக்கு வரமாட்டான்" என்றால் எதிர்காலம். ஆங்கிலத்தின் 'வுடின்ட்' முதல் இரண்டு வேலையையும் அப்படியே செய்யும். 'வில்' ஆதியில் விரும்புதல் என்ற பொருளுடைய வினை. நம்முடைய 'மாட்டு' இயலுதல் என்ற பொருளுடையது. ஒன்று மனசிலிருந்தும் மற்றது வலுவிலிருந்தும் புறப்பட்டு, இரண்டும் மறுப்பில் வந்து சந்திக்கின்றன.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 'வுட்' தானாக நிற்காது. 'அந்த நாட்களில்' என்று யாராவது முதலில் சொல்லிவைக்க வேண்டும். நமது 'போவார்' கூட அதே மாதிரிதான்: 'முந்தி'யை எடுத்துவிட்டால் அவர் நாளைக்குப் போகிறவர் ஆகிவிடுவார். கல்முனைக் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பலர் அந்த இடத்தில் வைக்கும் சொல் 'சுனாமிக்கு முந்தி'. அதை ஒருதரம் சொல்லிவிட்டால் போதும், அதன் பிறகு வரும் வினைகளெல்லாம் 'போவாங்க', 'நிற்கும்' என்று தாமாகவே ஓடும். ஆங்கிலத்தில் கதை சொல்கிறவரும் முதல் வாக்கியத்தில் 'யூஸ்ட் டு' போட்டுக் காலத்தை நிலைநிறுத்திவிட்டு, மிச்சத்தை 'வுட்' கையில் கொடுத்துவிடுவார். ஆனால் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதாக நினைத்துவிடக் கூடாது: 'வுட்' செயல்களை மட்டும்தான் ஏற்கும். ஓரிடத்தில் முன்பு ஒரு புளியமரம் நின்றது என்பதற்கு 'வுட் பி' ஒத்துவராது. 'யூஸ்ட் டு பி'தான் வேண்டும். பேச்சுத் தமிழ் இதில் அவ்வளவு கண்டிப்பில்லை. "முந்தி இந்தச் சந்தியில ஒரு புளியமரம் நிற்கும்" என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆங்கில வகுப்பில் அதிகம் கவனிக்கப்படாத சிக்கல் 'யூஸ்ட் டு'வுக்குள் இருக்கிறது. 'யூஸ்' என்ற வினைக்குப் பழகியிருத்தல் என்றொரு பொருள் இருந்தது. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் நிகழ்காலத்திலும் அது அப்படி வரும். இப்போது இறந்தகாலம் மட்டும் மிஞ்சியிருப்பதால், கேட்பவருக்கு 'இப்போது இல்லை' என்ற எண்ணமும் சேர்ந்தே போகிறது. தமிழில் அந்தக் கட்டாயம் இல்லை. கல்முனைக்குப் பக்கத்து ஊரான மருதமுனையைப் பற்றிச் சொல்லும் "முந்தி மருதமுனையில வீட்டுக்கு வீடு தறி கட்டி நெய்வாங்க" என்ற வாக்கியம், தறி ஓய்ந்துவிட்டதா என்பதைச் சொல்லாமலே விடுகிறது. அதை 'யூஸ்ட் டு வீவ்' என்று மாற்றினால், வாசிக்கும் வெளியூர்க்காரர் மருதமுனைச் சாரன் இப்போது நெய்யப்படுவதே இல்லை என்று நினைத்துக்கொள்வார். தறிச்சத்தம் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. ஆகவே பிள்ளை செய்ய வேண்டியது, 'வீட்டுக்கு வீடு' என்பதோடு 'யூஸ்ட் டு'வை இறுக்கிக் கட்டி, இன்றும் சில வீடுகளில் நெய்கிறார்கள் என்று அடுத்த வாக்கியத்தை நிகழ்காலத்தில் சேர்ப்பது.