ஆற அமரப் படிக்கிறான்!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பிள்ளைகளிடம் கேட்க ஊருக்கெல்லாம் ஒரே கேள்விதான்: "எத்தனாவது போற கண்ணு?" கல்யாண மண்டபத்தில், மளிகைக் கடையில், பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட அன்பாகத்தான் கேட்கிறார்கள். என் மகனுக்கு அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. வயது பன்னிரண்டு. பள்ளிக்கூடம் போவதில்லை. கணக்கில் ஏழாம் வகுப்பு, தமிழ் வாசிப்பில் ஐந்தாம் வகுப்பு, ஆங்கிலத்தில் மூன்றாம் வகுப்பு. தென்னையைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களுக்குச் சமமாகப் பேசுவான். ஒரே சமயத்தில் இத்தனை வகுப்பில் இருக்கிற பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல்தான், 2022-இல் வீட்டோடு வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கல்வி என்றாலே, வசதியுள்ள நகரத்துக் குடும்பம், அலமாரி நிறைய ஆங்கிலப் புத்தகம், வெளிநாட்டுக் கல்விமுறை என்று ஒரு படம் மனதில் வரும். எங்கள் கதை அப்படியில்லை. வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரம். நான் ஒரு கயிறு மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எந்தக் கொள்கையும் எங்களுக்கு இல்லை. பையனுக்கு வாசிக்க வரவில்லை, அவ்வளவுதான்.

அதைக் கண்டுபிடித்ததே கொரோனா காலத்தில். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்நாட்டில் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இடைப்பட்ட காலத்தில் வகுப்பு செல்போனுக்குள் வந்தது. மற்ற பிள்ளைகள் வாசிப்பதைக் காதால் கேட்டு, அதே ராகத்தில் இவனும் ஒப்பித்துக்கொண்டிருந்தான். பக்கத்தைத் திருப்பி நடுவில் ஒரு வரியைக் காட்டினால் முழித்தான். பள்ளி திறந்தபோது எல்லாப் பிள்ளைகளும்தான் பின்தங்கியிருந்தார்கள். சில மாதத்தில் அவர்கள் எழுந்து ஓடினார்கள். இவன் நின்ற இடத்திலேயே நின்றான். காலையில் வயிற்றுவலி வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது.

ஒரே வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே படியில் நிற்பதில்லை என்பது அரசாங்கத்துக்கும் தெரிந்துதான் இருந்தது. அதே 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல், கற்றல் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் வந்தது. இவன் அந்த வருடம் நான்காம் வகுப்புக்குப் போக வேண்டியவன். ஒரு வருடம் பின்னால் பிறந்திருந்தால் எங்கள் முடிவே வேறாக இருந்திருக்கலாம்.

தாமதமா, தடையா?

முதலில் வந்தது ஆறுதல். "உங்க சின்ன மாமன் நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கல சாமி. இன்னிக்கு அவன் வாய மூட யாராலயாச்சும் முடியுதா?" என்றார் அவனுடைய அம்மாயி, அதாவது என் அம்மா. அடுத்து வந்தது பயமுறுத்தல்: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? இரண்டையும் ஒரே வீட்டில், சில நேரம் ஒரே வாயிலிருந்தே கேட்டோம்.

உருப்படியாகப் பேசியது அவனுடைய அப்புச்சி, என் அப்பாதான். "தென்னையில குட்டை ரகம் மூணு நாலு வருசத்துல பாளை விடும். நெட்டை ரகத்துக்கு ஆறேழு வருசம் ஆவும். ஆனா காய்க்கலியேன்னு சந்தேகம் வந்துட்டா, சும்மா அண்ணாந்து பாத்துக்கிட்டா இருப்போம்? ஏறிக் குருத்துல வண்டு இருக்கான்னு பாக்க மாட்டமா?" என்றார். அதன்பிறகுதான் பரிசோதனைக்குக் கிளம்பினோம்.

தாமதமாகப் படிக்கிற பிள்ளையை வைத்திருக்கிற எல்லாப் பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். காத்திருப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். காது கேட்கிறதா, கண் சரியாகத் தெரிகிறதா, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா? பிறந்ததிலிருந்து 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இந்தச் சோதனைகளுக்கென்றே மாவட்டங்களில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. டிஸ்லெக்சியாவைப் பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்வார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் கிடைக்கும். முத்திரை விழுந்துவிடும் என்று பயந்து சோதிக்காமல் விட்டால், நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

எங்கள் பையனுக்குக் காதில் குறையில்லை. கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. போட்டதும் தலைவலி போனது, வாசிப்பு வரவில்லை. பார்த்த உளவியலாளர், 'குறைபாடு என்று எழுதித் தரும் அளவுக்கு இல்லை, ஆனால் ஒலியையும் எழுத்தையும் சேர்ப்பதில் மிகவும் மெதுவாக இருக்கிறான். தினமும் கொஞ்ச நேரம் பழக்குங்கள், மணிக்கணக்கில் வேண்டாம்' என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் பாடத்திட்டம் ஆனது.

தாமதத்தை ஆதரிக்கும் எழுத்துகள் உலகத்தில் நிறைய உண்டு. அமெரிக்காவில் ரேமண்ட் மூர், டோரதி மூர் தம்பதி 1975-லேயே, சீக்கிரத்தைவிடத் தாமதமே மேல் என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். ஃபின்லாந்தில் பிள்ளைகள் ஏழு வயதில்தான் பள்ளிப் படிப்பைத் தொடங்குகிறார்கள். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் சுகேட் செய்த ஆய்வில், ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களுக்கும் ஏழு வயதில் தொடங்கியவர்களுக்கும் பதினொரு வயதில் வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பிள்ளைகளுக்குத் தாமதமாகக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் சரியான வயதில் கற்றுக்கொடுத்தும் பிள்ளைக்கு வரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தால் வம்பு.

கொம்பும் காலும்

தமிழ் எழுத்து, படித்து முடித்தவர்களுக்கு எளிது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அதில் எத்தனை முடிச்சு என்று தெரிந்தது. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முதலில் நிற்கிறது. வாயில் க் முதலில் வருகிறது. 'கொ' என்றால் இன்னும் மோசம்: ஒரே ஒலி, எழுத்துக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். 'கார்' என்ற சொல்லில் வருகிற காலும் ரகரமும் அவன் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. உகரத்துக்கு ஒரே அடையாளமாவது உண்டா? கு, சு, து, மு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வால். 247 எழுத்தையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்த பையன், வரிசை கலைந்தால் திகைத்துப் போவது இதனால்தான்.

அதனால் வரிசையை விட்டோம். கொம்பு போட்ட எழுத்துகள் மட்டும் ஒரு வாரம், காலும் ரகரமும் ஒரு வாரம். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுத்தை எழுதி வெட்டி, கொம்பையும் காலையும் தனித்தனி அட்டையாக்கினோம். 'க' நடுவில் இருக்கும். கொம்பை இந்தப் பக்கம், காலை அந்தப் பக்கம் அவனே கொண்டுவந்து ஒட்ட வைப்பான். எழுத்துக்குள் என்ன நடக்கிறது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

புத்தகத்துக்கு முன்னால் அவன் வாசித்தது பேருந்துப் பலகைகளை. பழனி, ஆனைமலை, உடுமலை என்று சின்னச் சின்ன ஊர்ப்பெயர்கள். யாரும் கேட்காமலே ஒருநாள் 'வால்பாறை' என்று சத்தமாகப் படித்தபோது அவனுக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. அந்த வால்பாறைச் சாலையேதான் பின்னக் கணக்குக்கும் உதவியது. ஆழியாறு தாண்டி மலையேறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் 1/40, 2/40 என்று பலகை. அணைக்கட்டைப் பார்க்க எல்லோரும் வண்டியை நிறுத்துகிற ஒன்பதாவது வளைவில் அவன் அப்பா கேட்டார், "இன்னும் எத்தனை இருக்குது? பாதி வழி எந்த வளைவுல வரும்? கால்வாசி?" பத்தாவது வளைவு வந்ததும், "கால்வாசி ஆச்சுங்கப்பா" என்று இவன் கத்தினான். கரும்பலகையில் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தும் ஏறாத கணக்கு அது.

அம்மாவா, டீச்சரா?

நாள் எப்படிப் போகிறது என்று கேட்பவர்கள் அதிகம். விடிவதற்கு முன்னால் அப்பா தோப்புக்குக் கிளம்பிவிடுவார். எட்டு மணிக்குத் தங்கையின் பள்ளி வேன் வரும் வரை எல்லா வீட்டையும் போலச் சீப்பைக் காணோம், சாக்ஸைக் காணோம் என்ற களேபரம்தான். வேன் போனதும் உட்கார்ந்து படிக்கிற நேரம் தொடங்கும். இருபது நிமிடம் வாசிப்பு, எழுந்து ஒரு வேலை, மறுபடி இருபது நிமிடம். இட்லிக்கு ஊறப் போடுவது அவன் பொறுப்பு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், உளுந்து ஒன்றரை டம்ளர் இருக்கும்போது அரிசி எவ்வளவு என்று அவனே கணக்குப் போட வேண்டும். பதினொரு மணிக்குமேல் பாடமே கிடையாது. சாயங்காலம் தேங்காய் லோடு எண்ணிக்கையை நோட்டில் ஏற்றுவான்.

"பையனை வேலை வாங்கறீங்களா?" என்று பக்கத்து வீட்டில் ஒருமுறை கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. கணக்கு எழுதலாம், சுமை தூக்கக் கூடாது. தோப்புக்குப் படிக்கப் போகலாம், ஆள் குறைகிறது என்பதற்காகப் போகக் கூடாது என்று வீட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டோம்.

பெரிய சிக்கல் பாடமே அல்ல. காலையில் "தப்பு, மறுபடி படி" என்று அதட்டிய அதே அம்மா, மத்தியானம் சோறு போட வேண்டியிருக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு டீச்சர் மேல் கோபம் வந்தால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும். இவன் யாரிடம் சொல்வான்? அதனால் பிரித்துக்கொண்டோம். வாசிப்பு என்னிடம், கணக்கு அப்பாவிடம், கதை அம்மாயியிடம். என்மேல் வருத்தம் என்றால் போய் உட்கார அம்மாயியின் கட்டில் உண்டு. அங்கே நான் நுழையக் கூடாது.

இன்னொன்று தங்கை. நான்கு வயது இளையவள், ஒன்றாம் வகுப்பிலேயே கடகடவென்று வாசித்துவிட்டாள். அண்ணன் எழுத்துக்கூட்டும்போது பின்னாலிருந்து விடையைச் சொல்லுவாள். அவன் அட்டையைத் தூக்கி எறிவான். அவளுக்கும் ஒரு வழக்கு இருந்தது: "அண்ணனுக்கு மட்டும் எப்பப் பாத்தாலும் லீவா?" சமாதானம் சொல்லி ஓய்ந்து, கடைசியில் அவன் படிக்கிற நேரத்தை அவள் வேன் ஏறிய பிறகு என்று வைத்தோம். சனிக்கிழமை பாடமே இல்லை. ஒப்பிட ஆளில்லாத அறையில்தான் அவனுக்கு நாக்கு எழுந்தது.

சட்டமும் சான்றிதழும்

2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. அனுப்பாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக்கல்வியைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. இந்த நிச்சயமின்மையோடுதான் இந்தியாவில் எல்லா வீட்டுக்கல்விக் குடும்பங்களும் காலம் தள்ளுகின்றன.

சான்றிதழுக்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிரம்பியவர்கள் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்-இல், பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஒரு மொழியும் சேர்த்து ஐந்து பாடம். தமிழ் வழியிலும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு. தேறிய பாடத்தின் மதிப்பெண் கணக்கில் இருக்கும். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட வாகான ஏற்பாடு வேறு இல்லை.

இவனுக்காக நான் மில் வேலையை விட்டதில் ஒரு சம்பளம் போனது. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஈடுகட்ட முடியாதது காலை நேரத் தனிமை. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் வந்ததும் வாலிபால் களைகட்டும். அதுவரை அவனுக்குச் சோட்டுப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. பாடத்துக்கு வீடு போதும், கூட்டாளிகளுக்குப் போதாது.

அதனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் நால்வரும் உட்கார்ந்து, தொடரலாமா வேண்டாமா என்று பேசுவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். இந்த முறை அவனே, "எட்டாவதுக்கு ஸ்கூலுக்குப் போறேன்" என்றான். காரணம் கேட்டால், அங்கே வாலிபால் டீம் இருக்கிறதாம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். ஈடுகொடுக்கத் தனிப்பயிற்சி கேட்கவும் உரிமை உண்டு. தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறோம்.

"இதுக்கு அன்னிக்கே அனுப்பியிருக்கலாமல்ல?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அன்றைக்கு அவன் போனது ஒப்பிக்க. இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவான். தெரியாத இடத்தில் கை தூக்கிக் கேட்கவும் வெட்கப்பட மாட்டான். டீமில் சேர்த்துக்கொள்வார்களா என்பது மட்டும்தான் இப்போதைக்கு அவன் கவலை.