குளிர்மலையில் ஒரு குட்டி மீன் குடும்பம்

அக்கரப்பத்தனையில் மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடுவதுண்டு. கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்புவோர் அப்பனியினூடே நிழல்களாகத் தோன்றி மறைவர். அந்நேரத்தில் எமது வீட்டு முன்னறையில் மட்டும் வெப்பநாட்டுக் காட்டாறு ஒன்றின் சிறு துண்டு விளக்கொளியில் மின்னிக்கொண்டிருக்கும். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதனுள் மணல், ஒரு வேர்க்கட்டை, பச்சைச் செடிகள், இரண்டங்குல நீளமுள்ள ஒரு சோடி மீன்கள். “இத்துணைச் சிறிய மீனுக்கு இத்தனை உபசாரமா?” என்று வருவோர் வினவுவர். உபசாரம் அதன் உருவத்துக்கன்று, குணத்துக்கே என்பது எமது மறுமொழி.

சிக்கிளிட் என்பது மீன்களுள் ஒரு பெருங்குடும்பம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று சந்தைதோறும் விலைப்படும் திலாப்பியாவும் இக்குடும்பத்ததே. தென்னமெரிக்க ஆறுகளில் இக்குடும்பத்துக் குள்ளர்கள் சிலர் உளர். நான்கு அங்குலத்துக்கு மேல் வளராதவர். உருவிற் சிறியராயினும் குடும்பப் பண்பிற் குறைந்தவரல்லர். மீன்களுட் பெரும்பாலானவை முட்டையிட்டதும் தம் வழியே போய்விடும். இவையோ முட்டையைக் காத்து, குஞ்சைப் பேணி, நீந்தவும் இரைதேடவும் கூட்டிச் செல்லும்.

இப்பண்பைக் காண அமேசனுக்குத்தான் போகவேண்டுமென்பதில்லை. நம் நாட்டுக் களப்புகளில் வாழும் சிறு மஞ்சள் மீனைச் சிங்கள மக்கள் ‘கஹ கொரலியா’ என்பர். இதுவும் சிக்கிளிட் குடும்பமே. தென்னிந்தியாவும் இலங்கையுமே இதன் தாயகம். 1795இல் ஜேர்மானிய அறிஞர் புளொக் இதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தார். இதன் குஞ்சுகள் பெற்றோரின் மேனியை மெல்லக் கொத்தி, தோலிற் சுரக்கும் வழுவழுப்பான சளியை உண்ணும். தாய்ப்பாலுக்கு ஒப்பான இவ்வழக்கத்தை 1960களில் ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்தனர். இதன் பெரிய உறவினனான மல் கொரலியாவின் உடலிற் படரும் பூஞ்சணத்தை இச்சிறுமீன் கொத்தி அகற்றும் என்று வைமன், வார்ட் என்போர் 1972இல் எழுதினர்.

எமது தொட்டியில் இருப்பதோ வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோக்கோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ‘ராம்’. பெயரைக் கேட்டு இராமபிரானை நினைத்தல் வேண்டா. 1947இல் இம்மீனைக் கண்டெடுத்தோருள் ஒருவரான மனுவெல் ராமிரெஸ் என்பவர் பெயரின் சுருக்கமே அது. மஞ்சள் முகம், கண்ணை ஊடறுக்கும் கருங்கோடு, மேனியெங்கும் நீலப் பொட்டுகள். பெண் மீனின் வயிறு இளஞ்சிவப்பாக இருக்கும்.

இம்மீனுக்கு வேண்டியவை இரண்டு: மென்னீர், வெந்நீர் எனத்தக்க இளஞ்சூட்டு நீர். முன்னையது எமது மலைக்கு இயற்கை தந்த கொடை. பழம்பாறைகளின் மேல் ஓடிவரும் பீலித் தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீரில் இம்மீனைக் குஞ்சு பொரிக்கவைக்க முயலும் நண்பர் படும்பாட்டை நாம் அறிவோம். பின்னையதுதான் எமக்குச் சோதனை. ராமுக்கு 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். எமது இரவுகளோ கம்பளியின்றிக் கழியா. ஆதலின் மின்சூடேற்றியும் வெப்பமானியும் இங்கு இன்றியமையாதன.

தொட்டியை அமைத்தவுடனே மீனை விடுதல் பெரும் பிழை. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சு. அதனைத் தீங்கற்றதாக்கும் நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை செடிகள் வேரூன்றட்டும். செடிக்கும் நாம் வெளிநாட்டை நாடவேண்டியதில்லை. உலகெங்கும் மீன்தொட்டிகளை அழகுசெய்யும் கிரிப்டோகோரைன் செடிகளுட் பல இலங்கை ஓடைகளுக்கே உரியவை. 1958இல் பெயரிடப்பட்ட ‘வென்டி’ என்னும் இனம் மங்கிய ஒளியிலும் தளிர்க்கும். ஆயினும் ஓடையிற் பிடுங்காது, வளர்ப்போரிடமே வாங்குக. வாரந்தோறும் நாற்கூறில் ஒருகூறு நீரை மாற்றி, அதே சூட்டில் புதுநீர் வார்த்தல் வேண்டும்.

சோடி பொருந்திவிட்டால் இரண்டும் ஒரு தட்டைக் கல்லைத் தெரிந்து, வாயாற் கொத்தித் துலக்கும். அதன்மேல் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் இடப்படும். இரண்டு மூன்று நாளிற் குஞ்சு பொரிக்கும். பெற்றோர் அவற்றை வாயிற் கவ்வி மணற் குழியொன்றிற் சேர்ப்பர். ஏறக்குறைய ஐந்து நாளின் பின் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அப்போது புதிதாய்ப் பொரித்த ஆர்ட்டீமியாவே சிறந்த உணவு. முதன்முறை பெற்றோரே முட்டையைத் தின்றுவிட்டால் மனந்தளரற்க. மீனும் பழகியே தாயாகிறது.

‘அப்பிஸ்டோகிராமா’ என்னும் மற்றோரினக் குள்ளர் பொந்தில் முட்டையிடுவர். ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வாயில் வெட்டிவைத்தால் போதும். இவற்றில் ஒரு விந்தையுண்டு. குஞ்சுப் பருவத்து நீரின் வெப்பமே ஆணா பெண்ணா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. குளிர்ந்தால் பெண் மிகும். சூடேறினால் ஆண் மிகும். இதனை 1996இல் ரோமர், பைசன்ஹெர்ஸ் என்னும் இரு ஆய்வாளர் பல இனங்களில் காட்டினர். எமது மலைவாசிகள் சூடேற்றியைக் குறைத்து வைப்பின் வீடு நிறையப் பெண்மக்களைக் காணலாம்!

இனி எமது வீட்டில் நிகழ்ந்த ஒன்று. 2022 மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அப்போது எமது ராம் சோடியிடம் நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் இருந்தன. தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தோம். போத்தல்களில் வெந்நீர் நிரப்பி மிதக்கவிட்டோம். விடியலில் நீர் இருபது பாகைக்கு இறங்கியிருந்தது. தாய் மீன் இறந்து கிடந்தது. தந்தை மீனோ, செவுள் மெல்ல அசைய, குஞ்சுகள் ஒடுங்கிக் கிடந்த குழிக்கு மேலேயே நின்றது. வெயிலேறி நீர் சற்றுச் சூடான பின்னரே அது அவ்விடம் விட்டு நகர்ந்தது. ஒன்பது குஞ்சுகள் பிழைத்தன. எமது மகள் அன்று பள்ளிக்குப் புறப்படும்வரை தொட்டியருகே பேசாது நின்றாள். குளிர்நாட்டில் வெப்பநாட்டு உயிரை வளர்ப்பவன் ஏற்கும் பொறுப்பு எத்தகையது என்பதை அன்றே நாம் உணர்ந்தோம். மின்தடைக்கு மாற்றுவழி தேடிய பின்னரே அடுத்த சோடியை வாங்கினோம்.

மீனைப் பார்க்க வந்த மாணவன் ஒருவன், “ஐயா, பாவம், இவற்றை ஆற்றிலே விட்டுவிடலாமே?” என்றான். இரக்கம் நன்று, வழி நன்றன்று. எமது அக்ரா ஓயா ஹோட்டன் சமவெளிக் குளிரிற் பிறந்து, கொத்மலை ஓயாவாகி, மகாவலியிற் கலக்கிறது. அந்நீரில் ராம் ஓரிரவும் தாங்காது. தாங்கிப் பெருகும் பிற அயல் மீன்களோ நம் ஓடைகளுக்கே உரிய மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துவிடும். வேண்டாத மீனை வளர்க்க விரும்புவோர்க்குக் கொடுத்துவிடுதலே முறை.

பிள்ளைகளுக்கு மீன்தொட்டி வாங்கித்தர எண்ணும் பெற்றோர் முதலில் சிறிது பொறுமையை வாங்கட்டும். மீனைப் பின்னர் வாங்கலாம். எமது தொட்டியில் இப்பொழுது அந்த ஒன்பதின் பேரக்குஞ்சுகள் நீந்துகின்றன. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே, ஒரு தட்டைக் கல்லின்மேல், இரண்டு சிறு மீன்கள் காவல் நிற்கின்றன.