பழைய பிக்கப் வண்டி அடிக்கடி ஹீட் ஆகுதா? ரேடியேட்டரை மாற்றும் முன் இதைக் கவனிங்க!

கோடை வந்துவிட்டால் திண்டுக்கல் வட்டாரச் சாலைகளில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. பானெட்டைத் திறந்துவைத்து, மர நிழலில் ஓரங்கட்டி நிற்கும் ஒரு பழைய பிக்கப். பின்னால் நிலக்கோட்டைப் பூ மூட்டையோ, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளிப் பெட்டிகளோ இருக்கும். பூவுக்கு நேரம்தான் விலை. ஒரு மணி நேரம் தாமதமானால் அன்றைய லாபம் போச்சு.

1988-ல் டாடா மொபைல் வந்ததிலிருந்து தொடரும் டாடா பிக்கப் வரிசையில் 207 வண்டிகள், பழைய மஹிந்திரா பிக்கப்கள் எல்லாம் கடன் அடைத்து முடித்து, வீட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும் வண்டிகள். அதனால்தான் ‘ஹீட் ஆகுது’ என்றதும் வீடே பதறுகிறது. பதற்றத்தில் முதலில் ரேடியேட்டரை மாற்றுவார்கள். பிறகு வாட்டர் பம்ப், அதன்பிறகு தெர்மோஸ்டாட். செலவு ஏறும், சூடு மட்டும் இறங்காது.

காரணம் எளிது. சூடு என்பது காய்ச்சல் மாதிரி. அது நோய் அல்ல, அறிகுறி. காய்ச்சலோடு போனால், ‘எப்போ வருது, ராத்திரியா பகலா?’ என்று டாக்டர் கேட்பார் இல்லையா? வண்டிக்கும் அதே கேள்விதான்: எப்போது சூடாகிறது?

சூடு எங்கே போகிறது?

எரிபொருளில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போய்விடும். மீதியைத் தண்ணீர்தான் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். வாட்டர் பம்ப் (பட்டறைகளில் ‘வாட்டர் பாடி’) தண்ணீரைச் சுற்றவிடும். தெர்மோஸ்டாட் அதற்கு வாசல் திறக்கும். காற்று அதை ஆற்றும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதை, வண்டி ஓடும் சாலையே காட்டிக்கொடுத்துவிடும்.

சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் காந்திகிராமத்து வண்டிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. கடைவீதி, நான்குவழிச் சாலை, மலைப்பாதை என மூன்று சோதனைக் களமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கடைவீதியில் மட்டும் சூடானால்...

சின்னாளபட்டி கடைவீதியில் ஊர்ந்து போகும்போது முள் ஏறுகிறது, நான்குவழிச் சாலைக்கு வந்ததும் இறங்குகிறது என்றால், குறை காற்றில்தான். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். மெதுவாகப் போகும்போது ஃபேன் மட்டும்தான் துணை.

முதலில் ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தாலோ, உள்பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ அது வழுக்குகிறது என்று அர்த்தம். அடுத்து, ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு உடைந்திருக்கிறதா, கழற்றி வீசப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூடு இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை ஒழுங்காக இழுக்காது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பூச்சி, வைக்கோல் தூசி, சேறு அடைத்திருந்தாலும் இதே கதைதான். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

நான்குவழிச் சாலையில் சூடானால்...

கடைவீதியில் ஒழுங்காக இருந்துவிட்டு, வேகம் எடுத்தால் சூடாகிறதா? அப்படியென்றால் தண்ணீரின் ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டரின் உள்குழாய்களில் அடைப்பு இருக்கலாம். வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். கீழ் ஹோஸ் இற்றுப்போய், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

உள்ளடைப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வண்டியை ஓட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சூடு அளக்கும் துப்பாக்கி வடிவ தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முழுவதையும் அளந்து பாருங்கள். சுற்றிலும் சூடாக இருந்து நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால், அங்கே தண்ணீர் போகவில்லை.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம், நாம் ஊற்றும் தண்ணீர்தான். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றுவதே பாதுகாப்பு. கூலன்ட் துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆனால், பெரும்பாலான கூலன்ட்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்புச் சுவை வேறு. கீழே சிந்தியதைக் குழந்தைகளும் ஆடு, நாய்களும் நெருங்காமல் உடனே கழுவிவிட வேண்டும்.

மலை ஏறும்போது மட்டும் சூடானால்...

18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைப் பாதையில் பாரத்தோடு ஏறும்போது, இன்ஜினுக்கு வேலை அதிகம், எதிர்க்காற்று குறைவு. பாதி அடைத்த ரேடியேட்டர் தரையில் சமாளித்துவிடும், மலையில் மாட்டிக்கொள்ளும். டைமிங் தவறியிருந்தாலும், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் இங்கேதான் தெரியும்.

இன்னொரு விஷயம், ரேடியேட்டர் மூடி. உயரம் போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருக்கும் கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் வண்டியில் அது கொதிக்காமல் இருக்கிறது. குக்கருக்கு கேஸ்கட் எப்படியோ, ரேடியேட்டருக்கு மூடியின் ரப்பர் அப்படி. அது வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரோடு ஒப்பிட்டால் மூடியின் விலை மிகக் குறைவு.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே சூடானால்...

தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். அதைக் கழற்றி, அடுப்பில் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் போட்டுச் சூடாக்கினால் தெரிந்துவிடும். பெரும்பாலானவை 80 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும். தண்ணீர் கொதித்தும் திறக்கவில்லை என்றால் புதிது போட வேண்டும்.

‘நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?’ என்று கழற்றிவிடும் பழக்கம் உண்டு. அது தவறு. இன்ஜின் தேவையான சூட்டை எட்டாமல் டீசலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடுவதால், சூடு இன்னும் அதிகமாகும்.

பயப்பட வேண்டிய காரணம் ஹெட் கேஸ்கட். காலையில், வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். புதிதாகத் தண்ணீர் ஊற்றியிருந்தால் சிறிது நேரம் காற்றுக்குமிழி வந்து நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள். அதோடு ஓட்டினால் ஹெட் வளைந்து, இன்ஜின் வேலையில் கொண்டுபோய் விடும்.

முள்ளை மட்டும் நம்பாதீர்கள்

பழைய வண்டிகளில் மீட்டரே பொய் சொல்லலாம். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுக்க ஒழுகிவிட்டால், இன்ஜின் தகித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிவிடலாம். ‘சூடு குறைஞ்சிடுச்சு’ என்று நினைத்து ஓட்டி, இன்ஜினைச் சீஸ் ஆக்கிக்கொள்வது இப்படித்தான்.

வழியில் கொதித்துவிட்டால்...

முள் ஏறத் தொடங்கியதுமே ஓரங்கட்டி, நியூட்ரலில் சற்று ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஓடவிட்டால், ஃபேனும் பம்பும் சேர்ந்து ஆற்றிவிடும். ஆவி பறந்தாலோ, தண்ணீர் ஒழுகினாலோ உடனே அணைத்துவிடுங்கள். குறைந்தது அரை மணி நேரம் மூடியில் கை வைக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடித்துவிடும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது, ஹெட்டில் விரிசல் விழலாம்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, ஒரு துண்டுச் சீட்டில் நான்கு விஷயங்களை எழுதி எடுத்துப் போங்கள். எந்தச் சாலையில் சூடானது, எவ்வளவு பாரம் இருந்தது, கிளம்பி எத்தனை நிமிடத்தில் சூடானது, எத்தனை லிட்டர் தண்ணீர் குறைந்தது. இவை தெரிந்தால் மெக்கானிக் பெல்ட்டில் தொடங்கலாமா, நேராக ஹெட்டைப் பார்க்க வேண்டுமா என்று முடிவெடுத்துவிடுவார். தேவையில்லாத பாகத்தை மாற்றும் செலவு உங்களுக்கு மிச்சம்.