கால் இருந்தும் வழி இல்லை

அயனம்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு பைக்கில் புறப்படுகிறவரிடம் வண்டி எத்தனை சி.சி. என்று கேட்டுப் பயனில்லை. வானகரமும் கோயம்பேடும் வழிவிட வேண்டும். கிண்டி ரேஸ் மைதானத்தில் ஓடிய குதிரைகளுக்கும் இதே பாடுதான்.

ரிசல்ட்டில் 'ஐந்தாவது இடம், நான்கு லெங்த் பின்னால்' என்று ஒரு வரி இருக்கும். ஒரு லெங்த் என்பது குதிரையின் உடல் நீளம், ஏறக்குறைய 2.4 மீட்டர். அந்தக் குதிரைக்கு நான்கு லெங்த் வேகம் போதவில்லையா, இல்லை, ஓட வழியே கிடைக்கவில்லையா? அந்த வரி அதைச் சொல்லாது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குதிரை ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, மறுபுறம் வேலிக்கம்பி என்று மாட்டிக்கொண்டால் ஜாக்கி லகானை இழுத்தே ஆக வேண்டும். அரை நொடி போனால் மூன்று லெங்த்துக்கு மேல் போச்சு. அதோடு முடிவதில்லை. நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு விடுகிறது. எட்டு தடுமாறினால் மூச்சும் தடுமாறும். அரை டன் உடலை மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவரச் செலவாகும் தெம்பு, கடைசி 200 மீட்டருக்காகச் சேர்த்து வைத்தது.

நெரிசலே வேண்டாம் என்று வெளியே போனால் அதற்கும் விலை உண்டு. அரைவட்ட வளைவில் ஒரு மீட்டர் தள்ளி ஓடும் குதிரை 3.14 மீட்டர் அதிகம் ஓடுகிறது. வளைவு சிறியதோ பெரியதோ, இந்தக் கணக்கு மாறாது. மூன்று மீட்டர் தள்ளினால் கிட்டத்தட்ட நான்கு லெங்த் நஷ்டம். கூட்டத்துக்குள் இருப்பவனுக்கு எதிர்காற்று குறைவு, தூரமும் குறைவு. ஆனால் முன்னால் வழி திறக்குமா என்பது தெரியாது. வெளியே போகிறவனுக்கு அடைப்பே இல்லை, தூரம்தான் அதிகம். இந்த இரண்டில் எது என்பதுதான் ஜாக்கி சட்டென்று எடுக்கும் முடிவு.

20 குதிரைகள் வரை ஓடும் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி இந்த நெரிசலுக்குப் பேர்போனது. 2022இல் ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரை, புறப்படும் கூண்டுகளில் வெளிப்புறக் கடைசியிலிருந்து கிளம்பியது. பந்தயம் கட்டியவர்களிடம் ஒன்றுக்கு 80 என்று விலை போன குதிரை. ஜாக்கி சோனி லியோன் அதை உள்பக்கம் கொண்டுவந்து, களைத்து வந்த குதிரையைச் சுற்றி மறுபடி கம்பியோரம் செருகி ஜெயித்தார். 2019இல் நடந்தது நேர்மாறு. முதலில் வந்த மேக்ஸிமம் செக்யூரிட்டி வளைவில் விலகி மற்றவற்றின் வழியை மறித்ததாகப் பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் தீர்மானித்து, 17ஆம் இடத்துக்குத் தள்ளினார்கள். கன்ட்ரி ஹவுஸுக்குப் பட்டம் போனது.

இது வெறும் அதிர்ஷ்டமா? 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது எழுந்த விவாதமும் ஏறக்குறைய இதுவே. அந்தச் சட்டம் தொடர்பான கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வேகம், தெம்பு, பயிற்சியோடு ஜாக்கியின் திறமையையும் அது கணக்கில் எடுத்தது. கிண்டியின் கதை வேறு திசையில் போனது: 1945இல் போடப்பட்ட குத்தகையை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் சுமார் 160 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது.

மறுபடி அந்த ரிசல்ட் வரிக்கு வந்தால், நெரிசலில் தோற்ற குதிரைக்கெல்லாம் 'பாவம், மாட்டிக்கிச்சு' என்று சலுகை கொடுப்பதும் தவறு. முன்னால் ஓடிய குதிரை களைத்துப் பின்வாங்கி, நல்ல தெம்போடு வந்ததன் வழியை அடைத்திருந்தால் அது விதி. கூண்டு திறந்ததும் தயங்கி நிற்பது ஒரு குதிரையின் வழக்கமென்றால், அது ஒவ்வொரு ரேஸிலும் கூட்டத்துக்குப் பின்னால்தான் கிடக்கும். ஒவ்வொரு ரேஸிலும் வழி தேடும். ஒருமுறை மாட்டியதை மன்னிக்கலாம். மூன்றாவது முறையும் மாட்டினால், அதையே அந்தக் குதிரையின் குணமென்று எழுதிவைக்க வேண்டியதுதான்.