முடக்குவாத ஆய்வில் விலங்கு மாதிரிகளும் கோவை மருத்துவ ஆய்வும்

முன்னுரை
உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் மூட்டுகளையே தாக்குவதால் விளையும் நாட்பட்ட நோய் முடக்குவாதம். இதற்கான புதிய மருந்துகள் முதலில் விலங்குகளிலும் பின்னர் மனிதரிலும் சோதிக்கப்படுகின்றன. கோயம்புத்தூரில் நிகழ்ந்த ஆயுர்வேத ஆய்வோ, நெடுங்காலமாக வழக்கில் உள்ள மருந்துகளை நோயாளிகளிடமே சோதித்தது. இவ்விரு வழிகளும் எவ்வெவ் வினாக்களுக்கு விடை தரவல்லன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விலங்கு மாதிரிகள்
1956-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பியர்சன், காசநோய்க் கிருமி இனத்தைச் சார்ந்த இறந்த நுண்ணுயிரிகளை எண்ணெயில் கலந்து எலிகளுக்குச் செலுத்தினார். ஏறத்தாழ இரு வாரங்களில் அவற்றின் மூட்டுகள் வீங்கின. 1977-இல் டிரென்தம் குழுவினர், குருத்தெலும்பிலுள்ள இரண்டாம் வகைக் கொலாஜனைச் செலுத்தி எலிகளில் மூட்டழற்சியைத் தோற்றுவித்தனர். பின்னர்ச் சுண்டெலிகளில் உருவாக்கப்பட்ட கொலாஜன் மாதிரியில், டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுத்தால் மூட்டுச் சிதைவு குறைவது 1992-இல் புலனாயிற்று. அவ்வகை மருந்துகள் அப்பத்தாண்டின் இறுதிக்குள் நோயாளிகளுக்குக் கிடைத்தன.

மாதிரிகளின் எல்லை
பியர்சன் மாதிரியில் நோய் விரைந்து தோன்றித் தணிகிறது. மனிதரிடமோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் எலியின் வீக்கத்தோடு எலும்புச் சிதைவையும் குறைக்கின்றன. மனிதரிடம் அவை வலியையும் வீக்கத்தையும் தணிக்குமேயன்றி மூட்டுச் சிதைவைத் தடுப்பதில்லை. ஆகவே, எலியின் பாத வீக்கம் குறைந்ததை மட்டுமே கொண்டு ஒரு மூலிகைச் சாறு முடக்குவாதத்தைத் தீர்க்கும் என முடிவு செய்தல் பொருந்தாது.

கோவை ஆய்வு
ஆயுர்வேதத்தில் மருந்து நோயாளியின் உடலியல்புக்கேற்பத் தெரிவு செய்யப்படுகிறது. இத்தெரிவை எலியிடம் சோதித்தல் இயலாது. எனவே, கோவை ஆயுர்வேத மருத்துவர்களும் பியர்சன் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தின் ஃபர்ஸ்ட் முதலியோரும் இணைந்து 43 நோயாளிகளிடம் 36 வார ஆய்வை மேற்கொண்டனர். ஒரு குழுவுக்கு ஆயுர்வேத மருந்தும், மற்றொன்றுக்கு மெத்தோட்ரெக்சேட்டும், மூன்றாவதற்கு இரண்டும் தரப்பட்டன. ஒரு மருந்து மட்டும் பெற்றோருக்கு மற்றதன் போலி மருந்தும் வழங்கப்பட்டதால், யார் எதைப் பெறுகிறார் என்பது நோயாளிக்கும் மதிப்பிடுவோருக்கும் மறைக்கப்பட்டது. 2011-இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று குழுக்களின் முன்னேற்றமும் ஏறத்தாழ ஒத்திருந்தது. ஆயுர்வேதம் மட்டும் பெற்றோரிடம் பக்கவிளைவுகள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன. எனினும் இது சிறிய முன்னோடி ஆய்வு. வேறுபாடு தென்படாமை சமத்துவத்திற்குச் சான்றாகாது.

முடிவுரை
மருந்து எவ்வழியில் செயல்படுகிறது என்பதை விலங்கு மாதிரி காட்டும். நோயாளிக்குப் பயன்படுகிறதா என்பதை மனித ஆய்வே உறுதி செய்யும். மரபு மருந்துகளை ஆராய்வோர் முதலில் தம் வினா எதுவெனத் தெளிந்து, அதற்குரிய வழியைத் தெரிவு செய்தல் வேண்டும்.